வாசலில் பதாகை கட்டாதீர்கள்: அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வட மாகாணத்தில் ஆரம்பப் பிரிவு உள்ள பாடசாலைகளின் அதிபர்களுக்கு,

வணக்கம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் இரவில் உங்கள் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலை இடத்துக்கும் எல்லையாக வைக்கும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர், ஆகக் கூடிய புள்ளி யாருக்கு, பக்கத்துப் பாடசாலையில் எத்தனை என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்பார்கள். விடிந்ததும் பிள்ளைகளின் படங்களைத் தேடி எடுத்துக்கொண்டு பதாகை அச்சிடும் கடைக்கு ஒருவர் ஓடுவார். மூன்றாம் நாள் அது வாசலில் தொங்கும். முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். அதில் பதினான்கு வருடம் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பித்தேன். அந்தப் படங்களைத் தேடி எடுத்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று. அந்தப் பதாகையைக் கட்ட வேண்டாம் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. என் வகுப்பில் முப்பத்தேழு பிள்ளைகள். ஒன்பது பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். வாசல் வளைவின் முழு அகலத்துக்கும் பதாகை கட்டினோம். நீல நிறப் பின்னணி, நடுவில் பாடசாலைச் சின்னம், இரண்டு பக்கமும் ஒன்பது படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் புள்ளி. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். ஒரு வாரம் கழித்து, காலையில் வகுப்புக்குள் வந்த ஒரு பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் சேறாக இருந்ததைக் கண்டேன். அடுத்த நாளும் அப்படியே. அவளுடைய வீடு முன்வாசலுக்கு நேரெதிரே போகும் தார் வீதியில்தான் இருந்தது. சேற்றில் கால் வைக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. எங்கள் பாடசாலையின் பின்பக்கம், மதிய உணவு சமைக்கும் கொட்டகைக்கு அருகில் ஒரு சின்னப் படலை உண்டு. விறகு கொண்டு வருபவர்களும் சமைக்க வரும் தாய்மாரும் மட்டுமே அதைப் பாவிப்பார்கள். அங்கே வருவதென்றால் வயல் வரம்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஏன் அந்த வழியால் வருகிறாய் என்று கேட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு குனிந்துகொண்டே சொன்னாள்: “முன்வாசலால் வந்தால் மேலே பார்க்க வேண்டும், ரீச்சர்.”

அவளுக்கு வெட்டுப்புள்ளிக்கு ஏழு புள்ளிகள் குறைவு.

மறுநாள் காலையில் வேளைக்கே போய் அந்தக் கொட்டகை ஓரம் நின்றேன். பின்படலையால் வந்த ஐந்தாம் தரப் பிள்ளைகளை எண்ணினேன். பதினொரு பேர். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை; ஒருவரோடு ஒருவர் கதைத்து முடிவெடுத்ததாகவும் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன்பாட்டில் அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தது. பத்து வயதில், தான் ஐந்து வருடம் படித்த பாடசாலைக்குள் ஒளித்து வருவதற்கு ஒரு வழி.

அந்தப் பதாகை மார்கழி விடுமுறை வரை அங்கே தொங்கியது. அதைக் கழற்றுங்கள் என்று அன்று நான் அதிபரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடனைத்தான் இன்று உங்கள் எல்லோரிடமும் கேட்டுத் தீர்க்க முயல்கிறேன்.

அதிபர்களே, ‘சித்தியடையவில்லை’ என்ற சொல்லை நாம் எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். பரீட்சைக்கு 200 புள்ளிகள். இரண்டு வினாத்தாள்களிலும் தலா 35 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுத்த பிள்ளை அடிப்படை அடைவைப் பெற்றுவிட்ட பிள்ளை. வெட்டுப்புள்ளி என்பது வேறு. எத்தனை பேருக்கு உதவிப்பணம் கொடுக்க முடியும், பெரிய பாடசாலைகளில் எத்தனை இடம் உண்டு என்ற கணக்கிலிருந்து பிறப்பது அது. அதனால்தான் அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது, மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுகிறது, வருடத்துக்கு வருடம் மாறுகிறது. நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வருபவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். எல்லாப் பிள்ளைகளும் இன்னும் இருபது புள்ளி கூடுதலாக எடுத்தாலும் அந்த ஐம்பதாயிரம் எழுபதாயிரம் ஆகாது; கோடுதான் இருபது புள்ளி மேலே ஏறும். ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் கோட்டுக்குக் கீழே நிற்பார்கள் என்பது பரீட்சை எழுத முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, கீழே நின்ற பிள்ளையைப் பார்த்து நீ கவனமாகப் படித்திருந்தால் வந்திருப்பாய் என்று சொல்வது பொய். நானும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், நகரத்துப் பெரிய பாடசாலைகளின் வாசலைக் கூட மிதிக்க முடியாத கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய பாடசாலையும் விடுதியும் உதவிப்பணமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே கனவின் தொடர்ச்சிதான். கதவு திறந்துவிடுவதற்காக வந்த பரீட்சை. இன்றும் சில பிள்ளைகளுக்கு அது கதவுதான். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த என் மாணவன் ஒருவன், தகப்பன் கடலில் இறந்துபோன பிள்ளை, இந்தப் பரீட்சையால் நகரத்துப் பாடசாலைக்குப் போனான். மாதாமாதம் கிடைத்த உதவிப்பணம் சிறியதுதான். ஆனால் அவனுடைய தாய்க்கு அது கொப்பியும் பேனையும் பஸ் காசும். ஆகவே இந்தப் பரீட்சையை நாளைக்கே இழுத்து மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அமைச்சின் வேலை. அதற்குப் பதிலாக அந்தக் கடற்கரைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் மூடவும் கூடாது.

ஆனால் என் வகுப்பில் இருந்த முப்பத்தேழு பேரில் அந்த உதவிப்பணம் உண்மையாகவே தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர்? உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான். பாடசாலை மாற நினைத்தவர்களும் சிலர்தான். ஒன்றாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை வகுப்புகள் உள்ள பெரிய பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்துக்கு இன்னொரு பாடசாலை தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர்களும் மூன்றாம் தரத்திலிருந்தே மாதிரி வினாத்தாள் செய்கிறார்கள். எதற்காக? பெயருக்காக. பாடசாலையின் பெயர், வகுப்பாசிரியையின் பெயர், தகப்பனின் பெயர். ஏழைப் பிள்ளைக்குத் திறந்த கதவின் முன் எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவந்து நெருக்கித் தள்ளுகிறோம். அந்த நெரிசலில் முதலில் மிதிபடுவது ரியூசனுக்குக் காசு இல்லாத அதே ஏழைப் பிள்ளைதான்.

ஒரு பிள்ளையின் ஒரு நாளை எழுதுகிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுகிறேன்; கற்பனை இல்லை. ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். ஆறரைக்கு மேலதிக வகுப்பு. பாடசாலை முடிந்த பிறகும் வகுப்பு. மூன்றரை மணிக்கு ஓட்டோவுக்குள் இருந்து, தாய் குழைத்துக் கொண்டுவந்த சோற்றை வாங்கிக்கொள்கிறது. ஒரு கையில் கொப்பி. நான்கு மணிக்குத் தனியார் வகுப்பு, ஆறு மணி வரை. வீடு வந்து முகம் கழுவித் தேவாரம் பாடிவிட்டு ஒரு கடந்தகால வினாத்தாள். அதைத் தகப்பன் திருத்துகிறார். பிழைத்த கேள்விகளை மூன்று முறை எழுத வேண்டும். பத்தரைக்குப் படுக்கை. சனிக்கிழமை கருத்தரங்கு. ஞாயிற்றுக்கிழமை முன்னோடிப் பரீட்சை. இந்த வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். இந்தப் பிள்ளை ஆறரை மணித்தியாலம் நித்திரை கொள்கிறது. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு சில்லிலும் காற்று இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கியதாம். பரீட்சை முடிந்த பிறகு ஓடலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

விளையாட்டும் ஓய்வும் பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்ட நாடு. சிறுவர் தினத்தன்று காலைக்கூட்டத்தில் நாம் அதை வாசிக்கவும் செய்கிறோம். வாசித்துவிட்டு, விளையாட்டுப் பாடவேளையில் நுண்ணறிவு வினாத்தாளைக் கொடுக்கிறோம்.

பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத வயதில் இருக்கிறது. மன அழுத்தம் என்ற சொல் அதனிடம் இல்லை. அதனிடம் இருப்பது வயிறு. திங்கட்கிழமை காலையில் வயிறு நோகும். வினாத்தாள் திருத்திக் கொடுக்கும் நாளில் தலையிடிக்கும். தாய் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவாள். இரத்தம் சோதித்து, ஸ்கானும் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றதும், நடிக்கிறாய் என்று வீட்டில் ஏச்சு விழும். பிள்ளை நடிக்கவில்லை, உண்மையாகவே நோகிறது. மூன்று வயதில் விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் ஒன்பது வயதில் திரும்பி வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் இரத்தம் கண்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அழிறப்பரால் ஒரே விடையை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுத்திய ஒரு பையன் இருந்தான். அவன் முதலில் எழுதியிருந்த விடைதான் சரி. ஓட்டை வழியே பார்த்துக்கொண்டு அழுதான்.

இதில் கெட்டிக்காரப் பிள்ளை, மெல்லக் கற்கும் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் 185 எடுப்பான் என்று ஊரே நம்பும் பிள்ளையின் நிலைதான் இன்னும் பாவம். அவன் 172 எடுத்த அன்று வீட்டில் செத்தவீடு போல இருந்ததாக அவனுடைய அம்மம்மா என்னிடம் வந்து அழுதார். பத்து வயதில் ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்டிருக்கிறது, 172 எடுத்ததற்காக.

2024ஆம் ஆண்டு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையின் முதல் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்று தெரியவந்தது. மீண்டும் பரீட்சை வைப்பதா, விடுவதா என்று நாடே வாதாடியது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் 31ஆம் திகதி, அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கும்படி தீர்ப்பு வந்தது. அந்த மூன்றரை மாதமும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டோமா? எனக்குத் தெரிந்த பல வீடுகளில் மூட்டை கட்டி வைத்த மாதிரி வினாத்தாள்களை மீண்டும் அவிழ்த்தார்கள். திரும்ப எழுத வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகள் மார்கழி வரை படித்தார்கள். கொரோனாக் காலத்தில் காத்திருப்பு இதைவிட நீண்டது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 ஜனவரியில் நடந்தது; அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் தரத்தின் பன்னிரண்டு மாதமும் முடிந்த பிறகும் பரீட்சைக்காகக் காத்திருந்தார்கள்.

நுண்ணறிவு வினாத்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இதுவரை காணாத ஒரு சிக்கலை எப்படி அவிழ்க்கிறது என்று பார்ப்பதற்காக உண்டானது அது. நாமோ அந்தச் சிக்கல்களையெல்லாம் வகை பிரித்து, பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் இருநூறு தடவை செய்வித்துவிடுகிறோம். பிறகு பிள்ளை யோசிப்பதில்லை; நினைவுகூருகிறது. ஆறாம் தரத்தில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள்: 170 எடுத்து வந்த பிள்ளை புதிய கணக்கு ஒன்றைக் கண்டால், இது எந்த வகை என்று கேட்கிறதே, ஏன்? நான் என்ன பதில் சொல்வேன்? அப்படிக் கேட்கப் பழக்கியது நான்தான்.

என் வகுப்பில் நான் செய்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருடைய பாடசாலைகளில் இது இன்றும் நடப்பதால். முன்னோடிப் பரீட்சைப் புள்ளிகளின்படி பிள்ளைகளை வரிசையாக இருத்தினேன். 150க்கு மேல் முன்வரிசை. 120 முதல் 150 வரை நடுவில். மற்றவர்கள் யன்னல் ஓரம், கடைசியில். ஒவ்வொரு மாதமும் இடம் மாறும். முன்வரிசையிலிருந்து பின்னுக்குப் போகும் பிள்ளை தன் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க, கதிரைகளுக்கு இடையால் நடந்து போக வேண்டும். அந்த நடையின் தூரம் பன்னிரண்டு அடி இருக்கும். நான் அதை ஊக்கம் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் அப்படிச் செய்தேன். யன்னல் ஓரத்துப் பிள்ளைகளுக்கு மாசி மாதத்திலேயே விளங்கிவிடும், இந்த வருடம் ரீச்சர் தங்களுக்காக வரவில்லை என்று. அவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அமைதியாக இருக்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அதிபராக இருப்பவர்களின் இடர் எனக்குத் தெரியும். என் கணவரும் ஒரு சிறிய பாடசாலையின் அதிபராக இருந்தவர். வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் முதலில் திரையில் வருவது வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் வீதம். எந்தப் பாடசாலை எத்தனை வீதம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் போடுவார்கள். சிவப்பில் இருக்கும் பாடசாலையின் அதிபர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அவமானப்பட்டுத் திரும்பும் அதிபர் அதை ஆசிரியையிடம் இறக்கி வைப்பார். ஆசிரியை வகுப்பில் இறக்கி வைப்பாள். கடைசியில் அதைத் தூக்குவது பத்து வயது. இன்னொன்று, நம் பகுதியில் ஐம்பது பிள்ளைகள் கூட இல்லாத பாடசாலைகள் பல உண்டு. அடுத்த வருடம் ஒன்றாம் தரத்துக்கு ஆறு பிள்ளைகள் வருமா, நான்கு பிள்ளைகள் வருமா என்பதில்தான் அந்தப் பாடசாலையின் ஆயுளே தங்கியிருக்கிறது. பதாகை கட்டினால் ஊரார் நகரத்துக்கு ஓடாமல் பிள்ளையை இங்கே சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுகிறார்கள். அந்த அதிபரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒருவர் மட்டும் கட்டாமல் விட்டால், பக்கத்துப் பாடசாலைப் பதாகையைப் பார்த்துப் பெற்றோர் அங்கே போய்விடுவார்கள்.

அதனால்தான் இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஒருவர் தனியாக நிறுத்த முடியாத ஒன்றை எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தலாம். ஒரு கல்விக் கோட்டத்தில் உள்ள அதிபர்கள் ஒரு கூட்டத்தில் இருந்து, இந்த வருடம் எங்களில் யாரும் பதாகை கட்டுவதில்லை, பத்திரிகைக்குப் பிள்ளைகளின் படமும் புள்ளியும் கொடுப்பதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் போதும். சுற்றுநிருபம் தேவையில்லை. கொழும்பிலிருந்து அனுமதி தேவையில்லை. காசும் தேவையில்லை, மிச்சம்தான். ஒரு கோட்டம் தொடங்கினால் அடுத்த கோட்டத்துக்குத் துணிவு வரும். பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிப் பதாகை கட்டச் சொல்லும். அந்தக் காசுக்கு ஆரம்பப் பிரிவு நூலகத்துக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தாருங்கள் என்று கேளுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தங்கள் பிள்ளைகளைப் பத்து வயதில் நீந்தவும் பந்தடிக்கவும் அனுப்பும் அந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இது விளங்காமல் போகாது.

பதாகை போனால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆனால் மற்றவையெல்லாம் அந்தப் பதாகையிலிருந்தே கீழே இறங்கி வருகின்றன என்பதை நான் உள்ளிருந்து பார்த்தேன். படம் வாசலில் வரும் என்பதால்தான் தாய் ஐந்து மணிக்கு எழுப்புகிறாள். புள்ளி பத்திரிகையில் வரும் என்பதால்தான் தனியார் வகுப்பு நடத்துபவர் மூன்றாம் தரத்திலேயே பிள்ளை பிடிக்கிறார். பார்க்க ஆள் இல்லை என்றால் பாதி ஓட்டம் தானாக நிற்கும். பரீட்சை நெருங்கும் நாட்களில் வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு முறையும் தடை போடுகிறது. அந்தச் சில நாட்களின் அமைதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் திடீரென்று சிரிக்கத் தொடங்குவார்கள். அந்த அமைதி ஏன் வருடம் முழுக்க இருக்கக் கூடாது?

உங்கள் அதிகாரத்துக்குள் இன்னும் சில இருக்கின்றன. மணி அடிக்க முன் நடக்கும் வகுப்பை நிறுத்தலாம். விளையாட்டுப் பாடவேளையை எந்த ஆசிரியரும் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லலாம். புள்ளிப்படி இருத்துவதை ஒரே நாளில் ஒழிக்கலாம். நான்காம் தரத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் தரத்து வினாத்தாளைக் கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லலாம். சில பெற்றோர் கோபிப்பார்கள், பலர் உள்ளுக்குள் ஆறுதல் அடைவார்கள். வயிற்றுநோ என்று அடிக்கடி வரும் பிள்ளையைத் திருப்பி வகுப்புக்கு அனுப்ப முன்னர், பத்து நிமிடம் பக்கத்தில் இருத்திக் கதைக்கும்படி ஓர் ஆசிரியையிடம் பொறுப்புக் கொடுக்கலாம். பிள்ளை சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், பேசாமல் ஒதுங்கிப் போனால், தான் எதற்கும் உதவாதவன் என்று சொன்னால், அதைக் கோபத்தில் சொன்னதாக எண்ணி விட்டுவிட வேண்டாம். மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. வாசலில் எழுதி வைக்க இடம் தேடினால், பதாகை கட்டும் அந்த இடமே இருக்கிறது.

என் கடைசி வருடத்தில் செய்த ஒன்றைச் சொல்லி இதை முடிக்கிறேன். அந்த வருடம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பெறுபேறு வர முன்னரே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடித்த தாளில், என் கையெழுத்தில், அந்தப் பிள்ளையைப் பற்றி நான் அறிந்த ஒரு விடயத்தை எழுதினேன். புள்ளியும் நிலையும் இல்லை. மூன்று இரவு எடுத்தது. ‘மழை பெய்த அன்று வகுப்புக்குள் வந்த தேரையை யாரும் அடிக்க விடாமல், கடதாசிப் பெட்டியில் ஏந்திக் கொண்டுபோய்க் கிணற்றடியில் விட்டவன்.’ ‘புதிதாக வந்த பிள்ளை அழுதபோது தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தவள், ஒரு வார்த்தையும் பேசவில்லை.’ ‘கரும்பலகையில் நான் விட்ட எழுத்துப் பிழையை, எல்லோரும் வெளியே போகும் வரை காத்திருந்து, மெதுவாக வந்து சொன்னவன்.’ இருபது பிள்ளைகளுக்கு உடனே எழுத வந்தது. மிச்சம் பதினொரு பேருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். ஒரு வருடம் முழுக்க என் கண்முன்னே இருந்த பிள்ளைகள். அவர்களுடைய புள்ளிகள் எனக்கு மனப்பாடம், வேறொன்றும் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரமும் அந்தப் பதினொரு பேரையும் பார்ப்பதற்காகவே பாடசாலைக்குப் போனேன்.

பெறுபேறு வந்த மறுநாள் காலையில், முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து அந்தத் தாளைக் கொடுத்தேன். தேரைக்காரனுக்கு 96 புள்ளி. அவனுடைய தாய் அந்தத் தாளைச் சட்டம் போட்டு, வீட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். போன மாதமும் பார்த்தேன்.

இந்த வருடம் உங்கள் பாடசாலையில் யாராவது ஓர் ஆசிரியை இப்படி எழுத விரும்பினால் என்னிடம் அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். தாள் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் இருபது பிள்ளைகளைப் பற்றி அவரே எழுதட்டும். மிச்சப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருத்தி
வடமராட்சி